ஓஎல்இடி-யா, கியூஎல்இடி-யா, மினி எல்இடி-யா? டிவி வாங்கும் முன் உங்க ஹாலைப் பாருங்க!

தீபாவளி சீசன், சனிக்கிழமை மாலை. எலெக்ட்ரானிக்ஸ் ஷோரூமின் முதல் மாடிச் சுவர் முழுக்க டிவி. எல்லாத் திரையிலும் பஞ்சவர்ணக் கிளி பறக்கிறது. கண்ணைப் பறிக்கும் நீலத்தில் கடல் அலை அடிக்கிறது. "சார், இது சாதா எல்இடி. பக்கத்துல கியூஎல்இடி. அதுக்கு மேல மினி எல்இடி. கடைசில தனியா வெச்சிருக்கோமே, அதான் ஓஎல்இடி, டாப் மாடல். பட்ஜெட் கொஞ்சம் கூடும், இஎம்ஐ போட்டுக்கலாம்" என்று விற்பனையாளர் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார். பத்து நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவோ அடுத்த ஏழெட்டு வருஷத்துக்கு ஹால் சுவரில் தொங்கப்போகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் ரூ.50 ஆயிரம் விலையுள்ள டிவிக்கு முன்பு ரூ.64 ஆயிரம் கொடுக்க வேண்டும், இப்போது ரூ.59 ஆயிரம். இந்த 5 ஆயிரம் மிச்சத்தைப் பார்த்து, "அப்போ ஒரு படி மேல போயிடலாமே" என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் ஒரு படி மேலே இருப்பது உங்கள் வீட்டுக்கும் மேலானதுதானா என்பது தனிக் கேள்வி.

ஓர் உதாரணக் குடும்பத்தை வைத்தே பார்க்கலாம். சென்னை மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. மேற்குப் பார்த்த ஹால்; பிற்பகல் 3 மணிக்கு மேல் பால்கனி வழியாக வெயில் நேராக உள்ளே வரும். மகன் ஐ.டி. ஊழியர், வயது 28. பட்ஜெட் ரூ.90 ஆயிரம். அப்பா ஓய்வு பெற்றவர்; காலையிலும் இரவிலும் செய்தி சேனல். அம்மாவுக்கு மதியத்திலிருந்து ராத்திரி வரை சீரியல், இடையில் ஒரு பழைய படம். மகன் டிவி முன்னால் உட்காருவதே இரவு 10 மணிக்கு மேல்தான்; ஓடிடி-யில் படம், வார இறுதியில் கேமிங், சீசன் வந்தால் கிரிக்கெட். அவருக்கு ஓஎல்இடி மேல்தான் ஆசை. இந்த வீட்டுக்கு அது சரிப்படுமா?

பெயர்கள் நாலு, வகை இரண்டுதான்

தமிழகத்தில் 2006-ல் இலவச கலர் டிவி திட்டம் தொடங்கியபோது வீட்டுக்கு வந்தது 14 இன்ச் பிக்சர் டியூப் டிவி. அதில் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. இப்போதோ விளம்பரத்தில் வரும் பெயர்களைப் படித்தாலே தலை சுற்றுகிறது. ஆனால் உள்ளே இருப்பது இரண்டு வகைதான்.

முதல் வகை, பின்னால் விளக்கு வைத்த திரை. இதுதான் எல்சிடி. இதில் இருக்கும் திரவப் படிகங்கள் தாமாக வெளிச்சம் தராது. பின்னால் எரியும் விளக்கின் ஒளியை எந்த இடத்தில் எவ்வளவு விடலாம், எவ்வளவு தடுக்கலாம் என்பது மட்டும்தான் அவற்றின் வேலை. ஜன்னலுக்கு வெளியே வெயில் அடிக்கிறது, உள்ளே திரைச்சீலையை இழுத்து விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீலையை முழுக்க மூடினாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும் இல்லையா? எல்சிடி திரையின் அடிப்படைப் பிரச்சினையும் அந்தக் கசிவுதான்.

ஆரம்பக் கால எல்சிடி டிவிகளில் பின்விளக்காக மெல்லிய டியூப்லைட் இருந்தது. அதன் இடத்தில் எல்இடி பல்புகளை வைத்ததும் 'எல்இடி டிவி' என்று பெயர் மாறிவிட்டது. திரை மாறவில்லை. இன்று கடையில் எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி என்று எழுதியிருக்கும் மூன்றுமே எல்சிடி திரைகள்தான். விளக்கிலும் அதற்கு முன்னால் ஒட்டும் படலத்திலும்தான் வித்தியாசம்.

இரண்டாவது வகை ஓஎல்இடி. இதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும்.

சாதா எல்இடி: குறை சொல்ல முடியாத வேலைக்காரன்

பட்ஜெட் குறைவு, செய்தியும் சீரியலும்தான் ஓடப்போகிறது என்றால் சாதா எல்இடி-யே போதும். 55 இன்ச் 4கே டிவி சுமாராக ரூ.30 ஆயிரத்திலிருந்து ரூ.45 ஆயிரத்துக்குள் கிடைத்துவிடும்.

இதிலும் பார்க்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. எல்சிடி பேனலில் ஐபிஎஸ், விஏ என இரண்டு முக்கிய ரகங்கள் இருக்கின்றன. ஐபிஎஸ் ரகத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக வெளுக்காது. ஆனால் கறுப்பு, சாம்பல் போலத் தெரியும். அதன் உச்ச வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 1,000-க்கு 1. விஏ ரகத்தில் அது 3,000-க்கு 1 அல்லது அதற்கும் மேல். கறுப்பு நன்றாக வரும். ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் நிறம் மங்கும். ஹாலில் சோஃபா நேரே ஒன்று, பக்கச் சுவரில் ஒன்று என்று இருந்தால் ஐபிஎஸ். எல்லோரும் நேராக உட்கார்ந்துதான் பார்ப்பீர்கள் என்றால் விஏ.

எந்த ரகம் என்று பெட்டியில் பெரும்பாலும் எழுதியிருக்காது. ஷோரூமில் டிவிக்கு நேரே நின்று பார்த்துவிட்டு, நாலு அடி பக்கவாட்டில் நகர்ந்து மறுபடியும் பாருங்கள். முகங்களின் நிறம் வெளுத்துப்போனால் அது அநேகமாக விஏ.

ஓ-வுக்கு வால் முளைத்தால் கியூ

ஆங்கிலத்தில் ஓ எழுத்துக்கு ஒரு வால் போட்டால் கியூ. விலைச் சீட்டில் கியூஎல்இடி-யும் ஓஎல்இடி-யும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரிவதால் இரண்டையும் ஒன்று என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

கியூ என்பது குவான்டம் டாட்டைக் குறிக்கிறது. சில நானோமீட்டர் அளவே உள்ள நுண்துகள்கள் இவை. ஒரே பொருளாக இருந்தாலும் துகளின் அளவு மாறினால் அது வெளியிடும் நிறமும் மாறும். இந்தத் துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காகத்தான் 2023-ல் மௌங்கி பாவெண்டி, லூயி புரூஸ், அலெக்சி எகிமோவ் ஆகிய மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. டிவிக்குள் இந்தத் துகள்கள் பூசிய படலத்தின் மேல் நீல எல்இடி வெளிச்சம் விழும்போது, அதன் ஒரு பகுதி சுத்தமான சிவப்பாகவும் பச்சையாகவும் மாறும். பட்டுப்புடவையின் அரக்கு, மைதானத்துப் பச்சை எல்லாம் இன்னும் அடர்த்தியாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

சாம்சங் 2017-ல் இந்தப் பெயரைத் தன் டிவிகளுக்கு வைத்தது. இப்போது பல நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. ஆனால் கியூஎல்இடி என்பது நிறத்துக்கான மேம்பாடு மட்டுமே. கறுப்பு, சாதா எல்இடி-யில் எப்படித் தெரியுமோ அப்படித்தான் தெரியும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு த்ரில்லர் பார்க்கும்போது இருட்டுக் காட்சி சாம்பலாகத் தெரிந்தால், "கியூஎல்இடி வாங்கியும் இப்படியா?" என்று வருத்தப்படக் கூடாது.

மினி எல்இடி: சிறுசிறு தெருவிளக்குகள்

வெளிச்சக் கசிவைக் குறைக்க ஒரு வழி, தேவையில்லாத இடத்தில் பின்விளக்கையே அணைத்துவிடுவது. பின்னால் பெரிய பல்புகள் கொஞ்சமாக இருந்தால் இது முடியாது. ஆயிரக்கணக்கில் குட்டி எல்இடி-களை அடுக்கி, அவற்றை நூற்றுக்கணக்கான மண்டலங்களாகப் பிரித்தால் முடியும். வானம் இருட்டாக இருக்கும் பக்கம் மண்டலங்கள் அணையும்; நிலா இருக்கும் பக்கம் மட்டும் எரியும். இதுதான் மினி எல்இடி. டிசிஎல் நிறுவனம் 2019-ல் இவ்வகை டிவிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலான மினி எல்இடி டிவிகளில் குவான்டம் டாட் படலமும் சேர்ந்தே வருகிறது.

இதிலும் ஒரு குறை உண்டு. 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். 500 மண்டலங்கள் உள்ள டிவி என்றால் ஒரு மண்டலத்துக்கு 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை சப்டைட்டில் வரும்போது, எழுத்துக்குப் பின்னால் இருக்கும் மண்டலம் முழுக்க எரியும். எழுத்தைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரியும். மண்டலங்கள் கூடக் கூட இந்த வட்டம் சுருங்கும். அதனால் மினி எல்இடி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை டிம்மிங் ஜோன்?" என்பதுதான். சில மலிவு மாடல்களில் மினி எல்இடி என்ற பெயர் இருக்கும். மண்டலங்களோ நூறைக்கூடத் தொடாது.

55 இன்ச்சில் விலை, மாடலைப் பொறுத்து சுமாராக ரூ.55 ஆயிரத்தில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டும்.

ஓஎல்இடி: இருட்டு என்றால் இருட்டு

1987-ல் கோடக் நிறுவனத்தில் வேலை பார்த்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இரு விஞ்ஞானிகள், மெல்லிய கரிமச் சேர்மப் படலத்தில் மின்சாரம் பாய்ச்சி ஒளி பெறும் சாதனத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அது டிவியாக வருவதற்கு இருபது ஆண்டுகள் ஆயின. 2007-ல் சோனி வெளியிட்ட முதல் ஓஎல்இடி டிவியின் அளவு வெறும் 11 இன்ச். 2013-ல் எல்ஜி 55 இன்ச் ஓஎல்இடி-யை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் வீட்டு ஹாலுக்கு ஏற்ற அளவு வந்தது.

ஒவ்வொரு புள்ளியும் தனியாக அணைவதால், இதில் கறுப்பு உண்மையான கறுப்பு. ஒளிவட்டம் கிடையாது. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. புள்ளிகள் நிறம் மாற ஒரு மில்லி விநாடிகூட ஆகாது என்பதால், பவுலர் கையிலிருந்து கிளம்பும் பந்துக்குப் பின்னால் வால் தெரியாது. கேம் ஆடுபவர்களுக்கும் கொண்டாட்டம். விளக்கை அணைத்துவிட்டு படம் பார்க்க இன்றைக்கு வீட்டில் வாங்கக்கூடிய திரைகளில் இதற்கு இணை இல்லை. மகன் ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

இதன் பலவீனம் வெளிச்சம். சின்னப் பகுதியில் மட்டும் பளிச்சென்று எரிய வேண்டும் என்றால் இன்றைய ஓஎல்இடி-கள் அசத்தும். ஆனால் திரை முழுக்க வெள்ளையாக இருக்கும்போது மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்த வெளிச்சத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில் நடக்கும் கிரிக்கெட், வெள்ளைப் பின்னணியில் ஓடும் செய்தி ஆகியவற்றில் இது தெரியும்.

மூலையில் இருக்கும் லோகோ

ஓஎல்இடி-யைப் பற்றிய பெரிய பயம் 'பர்ன்-இன்'. இதில் ஒளி தருவது கரிமச் சேர்மம். எரிய எரிய அதன் திறன் தேயும். எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே உருவம் பல ஆயிரம் மணி நேரம் நின்றால், அந்த இடம் மட்டும் அதிகம் தேய்ந்து, வேறு காட்சி ஓடும்போதும் நிழலாகத் தெரியும்.

நம் வீடுகளில் அப்படி நிற்பது எது? சேனல் லோகோ. செய்தி சேனலின் கீழே ஓடும் சிவப்புப் பட்டை. ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதமும் ஸ்கோர் பெட்டி.

மேடவாக்கம் வீட்டுக்குக் கணக்குப் போடுவோம். அம்மா தினமும் 7 மணி நேரம், அதுவும் பெரும்பாலும் ஒரே சேனல். வருஷத்துக்கு 2,555 மணி நேரம். ஐந்து வருஷத்தில் 12,775 மணி நேரம். இதற்கு மேல் அப்பாவின் செய்தி. இதே டிவியில் மகன் மட்டும் தினமும் வேறு வேறு படம் பார்த்தால் ஆபத்து மிகக் குறைவு. வீட்டில் ஒரே சேனல் நாள் முழுக்க ஓடினால் ஆபத்து நிஜமானது.

இன்றைய ஓஎல்இடி-களில் பாதுகாப்பு ஏற்பாடுகள் உண்டு. படத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்த்தும். நிலையாக நிற்கும் லோகோவைக் கண்டுபிடித்து மங்கலாக்கும். கூடவே, ரிமோட்டில் அணைத்த பிறகு, ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது புள்ளிகளைச் சரிபார்க்கும் வேலையும் நடக்கும். இங்கேதான் நம்ம ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. "கரன்ட் எதுக்கு வீணா?" என்று படுக்கப்போகும் முன் பிளக் பாயின்ட் சுவிட்சையே ஆஃப் பண்ணிவிடுவோம். தினமும் அப்படிச் செய்தால் அந்தச் சரிபார்ப்பு நடக்கவே நடக்காது. ஓஎல்இடி வாங்கும் வீட்டில் இதை முதலில் பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றுவது வேறு விஷயம். அது எல்லா டிவிக்கும் நல்லது.

வாரன்ட்டி அட்டையில் பர்ன்-இன் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பில் போடும் முன்பே படியுங்கள். பல நிறுவனங்கள் இதை வாரன்ட்டியில் சேர்ப்பதில்லை.

உங்க ஹால்ல எவ்வளவு வெளிச்சம்?

திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அலகில் சொல்வார்கள். சாதா எல்இடி பொதுவாக 250 முதல் 350 நிட். நல்ல மினி எல்இடி 1,000 நிட்டைத் தாண்டும். எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். இப்போது வீட்டில் இருக்கும் டிவியை அணைத்துவிட்டு, நீங்கள் அதிகம் டிவி பார்க்கும் நேரத்தில், வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து அந்தக் கறுப்புத் திரையைப் பாருங்கள். அதில் உங்கள் முகமும் ஜன்னலும் தெளிவாகத் தெரிந்தால், புது டிவி அந்தப் பிம்பத்தோடு போட்டி போட வேண்டியிருக்கும்.

பளபளப்பான திரைகளில் இது இன்னும் அதிகம். கியூடி-ஓஎல்இடி எனப்படும் புது ரகத்தில் நிறம் அருமையாக இருக்கும். ஆனால் அறையில் வெளிச்சம் அதிகமானால் கறுப்பு லேசாகச் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். ஷோரூமில் இருக்கும் விளக்கு உங்கள் வீட்டு வெயில் அல்ல என்பதால், அங்கே பார்த்து இதை முடிவு செய்ய முடியாது.

வாங்குவதற்கு முன் ஒரு மாற்று வழியும் இருக்கிறது. டிவியைப் பால்கனிக்கு எதிர்ச் சுவரிலிருந்து பக்கச் சுவருக்கு மாற்றினாலோ, தடிமனான திரைச்சீலை போட்டாலோ பாதிப் பிரச்சினை தீரும். ஆயிரம், இரண்டாயிரத்தில் முடிகிற வேலை.

எத்தனை இன்ச், எத்தனை அடி?

திரையின் இன்ச் அளவை 1.6-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால், எத்தனை அடி தள்ளி உட்கார்ந்தால் வசதி என்று தோராயமாகக் கிடைக்கும். 43 இன்ச்சுக்கு சுமார் 5.7 அடி, 55 இன்ச்சுக்கு 7.3 அடி, 65 இன்ச்சுக்கு 8.7 அடி. சுவருக்கும் சோஃபாவுக்கும் இடையே டேப் பிடித்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்து 43 இன்ச் பார்த்தால், 4கே-வுக்கும் ஃபுல் எச்டி-க்கும் வித்தியாசமே தெரியாது.

அந்தத் திரையில என்ன ஓடப்போகுது?

விலையுயர்ந்த திரையிலும் மோசமான படம் மோசமாகத்தான் தெரியும். செட்-டாப் பாக்ஸில் வரும் சாதாரண எஸ்டி சேனலின் படத்தில் அதிகபட்சம் சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 83 லட்சம். ஒரு புள்ளியை வைத்து 20 புள்ளிகளை டிவியே ஊகித்து நிரப்ப வேண்டும். "புது டிவில பழசை விட மங்கலா தெரியுதே" என்று அம்மா சொன்னால் அது அவர் கண்ணின் கோளாறு அல்ல. தினமும் பார்க்கும் நாலு சேனலையாவது எச்டி பேக்குக்கு மாற்றிக் கொடுங்கள். சின்னத் திரையைப் பெரிதாக்கியதன் பலன் அப்போதுதான் தெரியும்.

ஓடிடி-யிலும் இதே கதைதான். நெட்ஃபிளிக்ஸில் உயர்ந்த விலைத் திட்டத்தில் மட்டுமே 4கே. மொபைல் திட்டத்தை வைத்துக்கொண்டு லட்ச ரூபாய் டிவி வாங்குவதில் பயனில்லை.

பெட்டியில் 'எச்டிஆர்' என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். எச்டிஆர் படத்தை டிவியால் படிக்க முடியும் என்பது மட்டுமே அதன் பொருளாக இருக்கலாம். அந்தப் படத்துக்குத் தேவையான வெளிச்சம் திரையில் இல்லாவிட்டால் பலன் இல்லை. டால்பி விஷன் வேண்டும் என்பவர்கள் சாம்சங் டிவிகளில் அது இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் எச்டிஆர்10 பிளஸ் இருக்கும்.

கரன்ட் பில்லும் ரிப்பேரும்

55 இன்ச் டிவி 100 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் 10 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 1 யூனிட். இரண்டு மாத பில்லில் 60 யூனிட். தமிழகத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், பில் எந்த அடுக்கில் போய் நிற்கும் என்பதை இந்த 60 மாற்றிவிடலாம். மினி எல்இடி-யை முழு வெளிச்சத்தில் ஓட்டினால் இன்னும் கூடும். வருடத்துக்கு எத்தனை யூனிட் என்பது நட்சத்திர லேபிளிலேயே இருக்கும். அதைப் பார்த்து ஒப்பிடலாம்.

சாதா எல்இடி-யில் பின்விளக்கு போனால், ஏரியா டிவி மெக்கானிக்கே 'பேக்லைட் ஸ்ட்ரிப்' மாற்றிக் கொடுத்துவிடுவார். சில ஆயிரங்களில் முடியும். பேனல் போனால் அப்படி முடியாது. ஓஎல்இடி-யில் விளக்கும் பேனலும் ஒன்றே என்பதால் முழுசாகத்தான் மாற்ற வேண்டும்; அதற்கான செலவு டிவி விலையில் பெரும் பகுதியை விழுங்கிவிடும். வோல்டேஜ் ஏறி இறங்கும் பகுதி என்றால் ஸ்டெபிலைசரையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்வது நல்லது.

வாங்கின பிறகு செய்ய வேண்டியது

கடையில் டிவி 'டெமோ' அல்லது 'விவிட்' மோடில் இருக்கும். வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். வீட்டிலும் அப்படியே விட்டால் கண் வலிக்கும். விற்பனையாளரிடம், "சினிமா மோடுக்கு மாத்திக் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் அந்தத் திரையின் நிஜ முகம். முடிந்தால் ஒரு பென் டிரைவில் உங்களுக்குப் பழக்கமான இருட்டுக் காட்சி ஒன்றைக் கொண்டுபோய்ப் போடச் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்ததும், "என்னடா இது, சினிமா பாத்தா சீரியல் மாதிரி இருக்கு" என்று தோன்றினால் அதற்குக் காரணம் 'மோஷன் ஸ்மூத்திங்'. விநாடிக்கு 24 பிரேம் உள்ள சினிமாவுக்கு நடுவே டிவி தானாகப் பிரேம்களைச் செருகுவதால் வரும் விளைவு இது. செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். 2019-ல் அறிவிக்கப்பட்ட 'ஃபிலிம்மேக்கர் மோடு' உள்ள டிவிகளில் அதை மட்டும் தேர்ந்தெடுத்தால் இது தானாகவே அணைந்துவிடும். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

சுருக்கமாக: யாருக்கு எது?

* பகலில் செய்தி, சீரியல் அதிகம், பட்ஜெட் ரூ.45 ஆயிரத்துக்குள்: சாதா எல்இடி. பக்கவாட்டில் உட்காருபவர்கள் இருந்தால் ஐபிஎஸ் பேனல்.
* நிறம் பளிச்சென்று வேண்டும், ஆனால் செலவு ரொம்பக் கூடக் கூடாது: கியூஎல்இடி.
* வெயில் வரும் ஹால், நாள் முழுக்க டிவி ஓடும் வீடு, கிரிக்கெட், கூடவே இரவில் சினிமா: மண்டலங்கள் அதிகமுள்ள மினி எல்இடி.
* வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய அறை, ஓடிடி படங்களும் கேமிங்கும்தான் முக்கியம், நிலையான லோகோ நாள் முழுக்க நிற்காது: ஓஎல்இடி.

மேடவாக்கம் வீட்டில் என்ன முடிவு?

மகன் இரவில் 2 மணி நேரம் பார்க்கிறார். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து 9, 10 மணி நேரம் பார்க்கிறார்கள். "ஏன்டா, சாயங்காலம் வெயில்ல இதுல ஒண்ணும் தெரியலைன்னா நான் என்ன பண்றது?" என்ற அம்மாவின் கேள்விக்கு ஓஎல்இடி-யில் நல்ல பதில் இல்லை. மகன் ஆபீஸில் இருக்கும் நேரத்தில் அவருக்குப் பேச்சுத் துணை அந்த டிவிதான். "லோகோ பதிஞ்சிடும், சேனலை மாத்திக்கிட்டே இரும்மா" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போவது முறையா என்பதையும் மகன் யோசிக்க வேண்டும்.

ஆக, இந்த ஹாலுக்குப் பொருந்துவது 55 இன்ச் மினி எல்இடி. ரூ.90 ஆயிரம் பட்ஜெட்டில் சில நூறு மண்டலங்கள் உள்ள மாடலே கிடைக்கும். இதில் மகன் இழப்பது ஒன்று உண்டு: இரவில் சப்டைட்டிலைச் சுற்றி அந்த மெல்லிய ஒளிவட்டம் தெரியத்தான் செய்யும். டிவிக்குப் பின்னால் சுவரில் ஒரு சின்ன விளக்கு போட்டுவிட்டால் அது கண்ணை அவ்வளவாக உறுத்தாது.

அதுவும் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஹாலுக்கு ரூ.35 ஆயிரத்தில் சாதா எல்இடி வாங்கிக் கொடுத்துவிட்டு, மீதியைச் சேர்த்துவைத்து அடுத்த வருஷம் தன் அறைக்கு ஓஎல்இடி வாங்குவது. அந்த அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டால் இருட்டு. சேனல் லோகோவும் அங்கே வராது.